இலண்டன் மாநகரில் இருபத்தாறு கட்டை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசத் தகுந்த அறிஞர் பலர் இம்மேடையில் நின்று பேசியிருக்கின்றனர். அவ்விரண்டிலும் எங்களுக்கு அதிகாரம் இல்லை. எங்களை அழைத்த செயலாளர் அவர்கள், “நீங்கள் இலண்டனிலே மரதன் ஓடினீர்களாமே, அதைச் சொல்லுங்கள், அது போதும்” என்றார். கால்களாற் செய்த காரியத்தை வாயினாற் சொல்லுவது எவ்வாறு என்று யோசித்துக்கொண்டே இங்கு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் என்பது நால்வர். மூவர் இரத்மலானையில் வளர்ந்து இங்குள்ள இந்துக் கல்லூரியிற் படித்தவர்கள். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது இவ்வூர் விமான நிலையக் கொட்டகையிலே குடும்பத்தோடு தங்கி, பின்பு கப்பலேறி வடக்கே போய், அங்கிருந்து வெவ்வேறு வழிகளால் இலண்டன் சேர்ந்தவர்கள். அந்தக் கதை இங்குள்ள பெரியோர்களுக்கு நன்கு தெரியும். இன்று அதற்கு நேரமில்லை. நான்காமவர் எங்களில் மூத்தவரின் மகள். இலண்டனிலே பிறந்தவர், வயது 24. மூத்தவருக்கு 59.

மரதன் என்னும் சொல் எங்களுக்குப் புதியதன்று. அந்நாளிற் கல்லூரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில நாள் முன்னதாக, விடியற்காலையில் ‘மரதன்’ நடைபெறும். காலி வீதியில் கல்கிசைப் பக்கமாகப் போய்த் திரும்பினால் மூன்று கட்டையோ நாலு கட்டையோதான். அதனை ஓடி முடித்துவிட்டு, மரதன் வீரர் என்று ஒரு தவணை முழுவதும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். ஒழுங்கைகளுக்குள்ளே குறுக்கு வழி கண்டுபிடித்து முன்னுக்கு வந்து நின்றவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இன்று இச்சபையில் இருக்கிறார். யார் என்று சொல்லமாட்டோம்.

மெய்யான மரதன் 26 மைலும் 385 யாரும் கொண்டது. கிலோமீற்றரிற் சொன்னால் 42.195. அது எவ்வளவு தூரம் என்பதனை இவ்வூரவர்க்கு விளக்க ஒரு வழி உண்டு. கோட்டையிலிருந்து காலி வீதியால் ஓடத் தொடங்குங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை எல்லாம் கடந்து இரத்மலானைக்கு வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்குகூட முடிந்திராது. வீட்டு வாசலைக் கண்டும் நில்லாமல் மொறட்டுவை, பாணந்துறை, வாதுவை என்று போய், ஏறத்தாழக் களுத்துறைப் பாலத்தடியிலேதான் நிற்கலாம்.

இந்த 385 யார் என்னும் மிச்சம் எங்கிருந்து வந்தது? 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில், மரதன் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடன் லூயிஸ் என்னும் கிரேக்கர் அதில் வென்றார். 1908ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் நடந்தபோது, வின்சர் மாளிகையில் தொடங்கி, விளையாட்டரங்கிலே அரச குடும்பத்தினர் வீற்றிருந்த இடத்தின் முன்னால் முடியும்படி பாதையை வகுத்தனர். அளந்து பார்த்தபோது 26 மைல் 385 யார் வந்தது. அந்த ஓட்டத்தில் இத்தாலி நாட்டுப் பியெத்ரி என்பவர் அரங்கத்துள்ளே முதலாவதாக நுழைந்து, வழி தெரியாமல் மயங்கிப் பலமுறை விழுந்தார். அருகில் நின்றவர்கள் தூக்கிவிட்டு எல்லை வரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறர் உதவி பெற்றமையால் அவருடைய வெற்றி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்கர் ஒருவருக்குப் பதக்கம் போயிற்று. ஆயினும் அலெக்சாந்திரா மகாராணியார் பியெத்ரிக்குத் தனியாக ஒரு வெள்ளிக் கிண்ணம் வழங்கினார். 1921ஆம் ஆண்டில் அந்த இலண்டன் தூரமே உலகம் முழுவதற்கும் அளவாக வகுக்கப்பட்டது. கடைசி 385 யாரை ஓடும்போது அதை வகுத்தவர்களை நாங்களும் நன்றாகத் திட்டினோம்.

இன்று நடைபெறும் இலண்டன் மரதன் 1981ஆம் ஆண்டு மார்ச் 29ஆந் திகதி தொடங்கியது. நியூயோர்க் நகரத்து மரதனை ஓடிப் பார்த்துவிட்டு வந்த கிறிஸ் பிரஷர் என்பவரும் அவருடைய நண்பர் ஜோன் டிஸ்லியும் அதனைத் தொடக்கிவைத்தனர். அந்த முதல் ஓட்டத்திலே அமெரிக்கர் ஒருவரும் நோர்வே நாட்டவர் ஒருவரும் மழையிலே ஒருவரையொருவர் முந்த முயன்று, முடியாமல், ஈற்றில் கைகோத்துக்கொண்டு ஒன்றாக எல்லையைத் தாண்டினர். பந்தயம் என்றால் ஒருவர்தான் வெல்லவேண்டும் என்று வாதிப்பவர்களுக்கு அது பிடிக்காது. எங்களுக்குப் பிடித்திருந்தது.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி ஓட்டத்துக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 8 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். இடம் குலுக்கலிலே கொடுபடுகின்றது. எங்கள் நால்வரில் அந்த மகளுக்கு மாத்திரமே சீட்டு விழுந்தது. மற்ற மூவரும் தருமத்தின் வழியாகத்தான் உள்ளே போனோம். தரும நிலையங்களுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடம் வேண்டுமானால் ஏறத்தாழ 2,000 பவுண் திரட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளவேண்டும். எங்களில் மூத்தவரின் தமையனார் சிறுநீரக நோயினால் இறந்தவர். ஆகையால் அந்நோயாளருக்கு உதவும் நிலையம் ஒன்றுக்காக ஓடுவது என்று முடிவு செய்தோம்.

பணம் திரட்டுவது ஓடுவதினும் கடினம். கலியாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் கையில் ஒரு கொப்பியுடன் நின்றோம். “தம்பிமார், உங்களுக்கு ஓட விருப்பமெண்டால் ஓடுங்கோவன். அதுக்கு நாங்கள் ஏன் காசு தரவேணும்?” என்று ஓர் ஆச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். அவரே மடியை அவிழ்த்து ஐந்து பவுண் தாளை எடுத்து, “இது உங்கடை ஓட்டத்துக்கில்லை, அந்தப் பிள்ளையின்ரை பெரியப்பாவுக்கு” என்று கொடுத்தார்.

மார்கழி, தை மாதங்களில் இலண்டனில் விடிய எட்டு மணியாகும். ஆறு மணிக்கு இருட்டிலே, காதைக் கட்டிக்கொண்டு ஓடினோம். வாரத்தில் மூன்று நாள் சிறிது தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட தூரம். முதலில் 5 மைல், பின்பு 8, 10 என்று ஏறி, பங்குனி முடிவில் 20 மைல் வரை போனோம். மேட்டிலே ஏறிப் பழகுவதற்கென்று ஆர்ச்வே வீதியைத் தெரிந்தெடுத்தோம். அந்த மேட்டில் ஹைகேற் முருகன் கோயில் இருக்கிறது. ஏறி முடிந்ததும் வாசலில் நின்று கும்பிடலாம். குன்றுதோறாடும் குமரனுக்கு இலண்டனிலும் ஒரு குன்று கிடைத்திருக்கிறது. அதற்காக எங்கள் முழங்கால்கள் அவனை நொந்துகொண்ட நாட்களும் உண்டு.

சோர்ந்துபோன நாட்களில் எங்களுக்கு ஊக்கம் தந்தவர் ஒருவர். அவரை இச்சபையிலுள்ள முதியோர்களுக்கு விசேடமாக அறிமுகப்படுத்த விரும்புகின்றோம். பஞ்சாபிலே ஜலந்தர் நகரத்துக்கு அருகில் ஒரு கிராமத்திற் பிறந்த பவுஜா சிங் என்னும் கமக்காரர் அவர். மனைவியார் இறந்தார், பின்பு 1994ஆம் ஆண்டு கண்முன்னே ஒரு விபத்தில் மகன் இறந்தார். துக்கம் தாங்காமல் இலண்டனுக்கு மற்றப் பிள்ளைகளிடம் வந்தவர், துக்கத்தை நடந்து தீர்க்கத் தொடங்கினார், நடை ஓட்டமாயிற்று. 2000ஆம் ஆண்டிலே தமது 89ஆவது வயதில் முதன்முதலாக இலண்டன் மரதனை ஓடினார். 2011ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் 100 வயதில் ஒரு முழு மரதனை ஓடி முடித்தார். கடவுச்சீட்டிலே பிறந்த ஆண்டு 1911 என்று இருந்தும், பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லையென்று கின்னஸ் புத்தகத்தார் அவர் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டனர். அந்தக் காலத்துக் கிராமத்திற் பிறப்பை யார் பதிந்தார்கள்? இங்கே எங்கள் பாட்டன்மாரின் வயதை மாத்திரம் சரியாகச் சொல்லுவார் யார்? எங்கள் ஓட்டம் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. 2025 யூலை 14ஆந் திகதி, தமது கிராமத்தருகே தெருவில் நடந்துபோனபோது ஒரு வாகனம் மோதி அவர் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் நால்வரும் ஓடப் போகவில்லை.

இனி, ஓடிய நாளைச் சொல்லுவோம். பிளாக்ஹீத் வெளியும் கிறீனிச் பூங்காவும்தான் தொடக்கம். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் ஒரேயடியாக ஓட இயலாது; ஆகையாற் பகுதி பகுதியாக விடுகின்றனர். மகள் முதலிற் போய்விட்டார். மூத்தவர் புறப்பட்டது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து. புறப்படுமுன் நால்வரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒருவருக்காக ஒருவர் நிற்பதில்லை என்பதே அது.

நெஞ்சிலே குத்திய இலக்கத் துணியிற் பெயரும் எழுதப்பட்டிருக்கும். தெருவின் இருமருங்கும் நிற்கும் சனங்கள் அதனை வாசித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்களில் ஒருவரின் பெயர் சிவ என்று தொடங்கிப் பதின்மூன்று எழுத்துவரை நீள்வது. அது துணியிற் கொள்ளாது என்று ‘சிவா’ என்று மாத்திரம் பதிந்திருந்தார். கிறீனிச்சிலிருந்து அரண்மனை வரை, வெள்ளைக்காரரும் கறுப்பரும் சிறுவரும் கிழவரும் மதுச்சாலை வாசலில் நின்றவரும் “சிவா! சிவா!” என்று கூவியதைக் கேட்டுக்கொண்டே ஓடினார். அத்தனை பேர் வாயினால் அந்தத் திருநாமத்தைத் தேர்த் திருவிழாவிலும் தான் கேட்டதில்லை என்று பின்பு சொன்னார்.

ஆறாவது மைல் கழிந்ததும் கட்டி சார்க் என்னும் பழைய பாய்க்கப்பல் வரும். ஒருகாலத்திற் சீனத் தேயிலை ஏற்றியது. அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பன்னிரண்டாவது மைல் கழிய டவர் பாலம். அங்கே எழும் ஆரவாரத்தில் எல்லாருக்கும் வேகம் கூடிவிடும். கூட்டக்கூடாது. கூட்டினோம். அதற்குத் தண்டம் இருபதாவது மைலிலே கட்டவேண்டி வந்தது. உடம்பிலே சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறத்தாழ அவ்விடத்தில் தீர்ந்துபோகின்றது. அப்பொழுது கால் என்னுடையதன்று, வேறொருவருடையது என்பது போலத் தோன்றும்.

எங்களில் மூன்றாமவருக்கு நேர்ந்தது வேறு. வெயில் ஏறிய நாளானபடியால், கண்ட இடமெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பதினெட்டாவது மைலில் குமட்டலும் தலையிடியும் கண்டு, தெருவோரத்தில் இருந்துவிட்டார். தண்ணீர் போதாதென்று எண்ணி மேலும் குடிக்கப் போனவரை, சென் ஜோன் அம்புலன்ஸ் தொண்டர் ஒருவர் தடுத்து உப்புள்ள தின்பண்டம் கொடுத்தார். இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் 488 பேரின் குருதியைச் சோதித்த வைத்தியர்கள், நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து அளவிற் குறைந்திருந்ததைக் கண்டனர். பெரும்பாலும் ஓட்டத்தின்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்து உடல் நிறை கூடியவர்களே அவர்கள். அவ்வாண்டு அதே ஓட்டத்தில் ஓர் இளம் பெண் அதனால் இறந்தும் போனார். தாகத்துக்குக் குடிக்கவேண்டும், பயத்துக்குக் குடிக்கக்கூடாது. இலண்டனில் ஒரு நாள் வெயிலுக்கே இப்படியென்றால், வேர்வை காயாத கொழும்புப் புழுக்கத்தில் ஓடுகிற நீங்கள் எவ்வளவு கருத்தாக இருக்கவேண்டும்! உப்பும் தேசிக்காயும் விட்ட கஞ்சித் தண்ணீருக்கு மேலான பானம் எந்தப் போத்தலிலும் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

மூத்தவரிடம் வருவோம். இரண்டு நாள் முன்னர் இலக்கத் துணி வாங்கப் போன மண்டபத்திலே, குறைந்த விலைக்குக் கிடைத்ததென்று ஒரு புதுச் சப்பாத்து வாங்கினார். நாலு மாதம் பழகிய சப்பாத்தை வீட்டிலே வைத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் கண்டபோது தொடக்க இடத்தில் நின்றார்; சொல்லி என்ன பயன்? எட்டாவது மைலில் இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். பன்னிரண்டாவது மைலில் அவை உடைந்துவிட்டன.

டவர் பாலம் தாண்டியதும் ஹைவே என்னும் பெருந்தெரு. அதன் ஒரு பக்கத்தால் 13ஆவது மைல் ஓடுபவர்கள் கிழக்கே போவார்கள். மறுபக்கத்தால் 22ஆவது மைல் ஓடுபவர்கள் மேற்கே திரும்பி வருவார்கள். நடுவிலே தடுப்பு. நொண்டி நொண்டிக் கிழக்கே போன தந்தையாரை, மேற்கே வந்த மகள் அங்கே கண்டார். “அப்பா!” என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தைக் கண்டதுமே மகளுக்கு விளங்கிவிட்டது. நின்றுவிட்டார். தந்தையார் கையை வீசி, போ, போ என்று சைகை காட்டினார். இன்னும் பதின்மூன்று மைல் அவருக்கு. நாலே மைல் இவருக்கு. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். உடன்பாடு ஒன்று இருந்ததல்லவா? மகள் ஓடிப் போனார். அந்தக் கடைசி நாலு மைலில் நதியையும் காணவில்லை, மணிக்கூட்டுக் கோபுரத்தையும் காணவில்லை என்று எங்களிடம் சொன்னார். 4 மணி 28 நிமிடத்தில் முடித்தார். 1967ஆம் ஆண்டு கத்ரின் சுவிற்சர் என்னும் பெண் பொஸ்ரன் மரதனில் இலக்கம் அணிந்து ஓடியதற்காக அதிகாரி ஒருவர் துரத்திப் பிடித்து வெளியே இழுக்க முயன்றார் என்பதை நினைக்கும்போது, எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி எங்கள் எல்லாரையும் முந்தியது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவருக்கோ அன்று அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை. பதக்கத்தைக் கழுத்திலே போட்டபடி நதிக்கரைத் தெருவுக்குத் திரும்பிப் போய், சனங்களோடு தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தந்தையார் ‘நாய்களின் தீவு’ என்று பொருள்படும் பகுதியிலே, பதினாறாவது மைலில், சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு நடக்கத் தொடங்கினார். கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போன தம் அப்பாச்சியை அப்பொழுது நினைத்துக்கொண்டாராம். தொண்டர்கள் இருமுறை, வாகனத்தில் ஏறுங்கள் என்றனர், மறுத்தார். அப்படி நடந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கில மாது தாமும் நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். தமது பையிலிருந்த மருந்துப் பட்டையை எடுத்து அவர் காலில் ஒட்டிவிட்டார். பின்பு இருவரும் பேசிக்கொண்டு நடந்தனர். எட்டு மைலுக்கு மேல் சேர்ந்து நடந்தும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவில்லை, நெஞ்சிலே எழுதியிருந்ததல்லவா? அவர் இறந்துபோன தம் மகனுக்காக ஓடினார் என்பதை மாத்திரம் இவர் அறிந்துகொண்டார். தமையனாரைப் பற்றி இவரும் சொன்னார்.

மாலை ஆறு மணியளவில், சனம் குறைந்து, தெருக் கூட்டுபவர்கள் வேலையைத் தொடங்கிவிட்ட வேளையில், அவ்விருவரும் நதிக்கரைத் தெருவில் வந்தனர். நாள் முழுவதும் எத்தனையோ பேர் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “அப்பா” என்று கூப்பிட்டது ஒரு குரல்தான். மகள் தடுப்புக்கு இந்தப் பக்கத்தால், அவர் அந்தப் பக்கத்தால், போக விட்ட தூரம் வரை கூடவே போனார்கள். அவர் எடுத்த நேரம் 6 மணி 52 நிமிடம். அன்று முதலாவதாக வந்த கென்யா நாட்டுச் சபஸ்ரியன் சாவே எடுத்தது 2 மணி 2 நிமிடம் 27 விநாடி. சாவே குளித்து, உண்டு, ஒரு நித்திரையும் கொண்டு எழும்பியிருப்பார்.

அவர் நின்றிருக்கவேண்டுமா, நடந்து முடித்தது சரியா என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. இரண்டு வாரம் அவராற் சப்பாத்துப் போட முடியவில்லை; ஒரு குதிக்கால் சீழ் பிடித்து மருந்து எடுக்க நேர்ந்தது. நின்றிருந்தாலும் கொடுத்த காசை ஒருவரும் திருப்பிக் கேட்டிருக்கமாட்டார்கள். நாங்கள் இருவர் அவர் செய்தது பிழை என்றே சொல்லுகிறோம். மகள் ஒன்றும் சொல்லுவதில்லை. அவரோ, “பிழைதான், சப்பாத்து வாங்கினது பிழைதான்” என்று சொல்லி முடித்துவிடுகிறார். திரட்டிய பணம் மூவருக்குமாக 6,400 பவுணுக்குச் சிறிது மேல். ஆச்சி தந்த ஐந்தும் அதில் அடங்கும்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுமுன், நாங்கள் நால்வரும் கல்லூரி மைதானத்திலிருந்து கல்கிசைப் பக்கமாக அந்தப் பழைய மூன்று கட்டையை ஓடப்போகின்றோம். சங்கத்து இளைஞர்களும் யுவதிகளும் வரலாம். பெரியோர்கள் நடந்து வரலாம். புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மூத்தவர் வாசலில் நின்று திருப்பி அனுப்புவார். ஒழுங்கைகளின் வாயிலும் ஆள் நிறுத்தியிருக்கின்றோம்.